நாந்தானுங்க எழுதுனேன்

வெள்ளகோவிலில் பதினோரு வருசமாகக்
கொப்பரைக் களத்தில் கணக்கெழுதுகிறேன்.
எடைபோட்டு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும்
யாருடைய காய் என்று பேர் எழுதுவது என் வேலை.
என் பேர் போட்ட மூட்டைகள் மட்டும்
கட்டிலுக்கடியில்.
முந்நூறு பிரதி. அந்துருண்டை வாசம்.
வீட்டுக்காரி கூட்டும்போது
விளக்குமாறு முட்டி நிற்கும் இடத்தில்
என் இலக்கியம் தொடங்குகிறது.

நல்ல சரக்கு தானே விலைபோகும் என்றிருந்தேன்.
மண்டியில் சோறு தின்றுகொண்டே
எப்படித்தான் அதை நம்பினேனோ.
எந்தக் கொப்பரையும் இதுவரை
தானாக உருண்டு வந்து தராசில் ஏறியதில்லை.

நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுக்கப் போனேன்.
வழி கேட்டால் பேக்கரிக்காரர்
ரேசன் கடையைக் காட்டினார்.
ரேசன் கடையில்
மாட்டாஸ்பத்திரிக்கு அந்தாண்டை என்றார்கள்.
கடைசியில் ஒரு காதுகுத்து பிளெக்ஸில்
மாமன்மார் பதினாறு பேர் கும்பிட்டு நிற்க
அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது
பெயர்ப்பலகை.

நூலகர் வசந்தாமணி
வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.
நேற்று மூன்று பேர்.
அதில் ஒருவர் கரண்டு பில் கட்டும் இடம் கேட்டவர்.
“ஆளுக வல்லீன்னா
பக்கத்தூரோட சேத்துருவாங்களாமுங்க.
நானும் உங்களாட்டத்தான்,
வாயத் தொறக்கக் கூச்சப்பட்டே
இருவது வருசத்த ஓட்டிப்போட்டனுங்க.”

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
முருங்கைக்காய்க் கட்டுக்கும் கருவாட்டுக்கும் நடுவே
பெஞ்சு போட்டார்.
கோலமாவு வண்டிக்காரரிடம்
ஒலிபெருக்கி ஒரு மணி நேரம் இரவல்.
“புஸ்தகமுங்... வட்டி இல்லீங்...
பதினஞ்சு நாளு வெச்சுப் படிங்...”
இடையில் பொத்தான் தவறி
பழைய குரல் கிளம்பியது:
கோலமாவு, கிலோ இருபது.

என்னை ஸ்டூலில் ஏற்றினார்.
ஊரெல்லாம் பல் காட்டும் படங்கள் போதாதா,
இதில் நான் வேறா என்று நினைத்தபடி
நான்கு வரி வாசித்தேன்.
மூன்றாம் வரியில்
ஒரு டெம்போ பின்னால் வந்து
அதன் பாட்டைப் பாடிவிட்டுப் போனது.

மூலனூர்க்காரம்மா ஒருவர்
கட்டை இறுக்கியபடி கேட்டார்:
“எத்தனைங்க?”
படிக்க இனாமுங்க, என்றேன்.
“இனாமுன்னா சொத்தயாத்தான் இருக்கும்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அப்புறம் என்னமோ ஏறியது உச்சிக்கு.
சொத்தை இல்லீங்க, நாந்தானுங்க எழுதுனேன்.
ஒவ்வொரு வரியும் ரெண்டு வாட்டி
காயவெச்சு ஒடச்சதுங்க.
பிரிச்சுப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க.

என் குரல்தானா என்று
தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சேர்ந்த உறுப்பினர் ஐந்து பேர்.
மூவருக்கு மோட்டார் காயில் கட்டும் புத்தகம் வேண்டும்.
ஒரு பெண்ணுக்கு ஆடு வளர்ப்பு.
ஒருவர் பேனா எழுதுகிறதா என்று பார்க்கவே
கையெழுத்துப் போட்டார்.
என்னைக் கேட்டு யாரும் இல்லை.
“எதுக்கு வந்தா என்னுங்க,
கதவு எங்கருக்குதுன்னு தெரிஞ்சுதல்ல”
என்றார் வசந்தாமணி.

மூன்றாவது வாரம்
என் புத்தகத்தின் தேதிச் சீட்டில்
ஒரு முத்திரை. ஊதா. கொஞ்சம் சாய்ந்து.
மூலனூர்க்காரம்மா,
மகளை வாசிக்கவிட்டுக் கேட்டாராம்.
திருப்பித் தரும்போது சொல்லிவிட்டுப் போனது:
“முப்பத்தோராம் பக்கத்துல
கார்த்திகை மழையில
முருங்க காச்சுத் தொங்குதுன்னு எழுதீருக்காப்டி.
அந்த மழைக்குப் பூவே நிக்காது.
காய் ஆனைவெல விக்கிற மாசமுங்க அது.
அடுத்தவாட்டி கேட்டுப்போட்டு எழுதச் சொல்லுங்க.”

புத்தகம் வந்து நான்கு வருசம்.
முதல் விமர்சனம்.
திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி
நான்கு முறை கேட்டேன்.

இந்த ஞாயிறும் போகிறேன்.
கட்டிலுக்கடியில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன்:
நாந்தானுங்க எழுதுனேன்.
நாந்தானுங்க எழுதுனேன்.

வெளியிலிருந்து வீட்டுக்காரி:
“தெரியுதுங்க.
கொழாய மூடுங்க.”